என் பூட்டு போதும்

இந்த நாற்காலியின் பின்கால் ஒன்று குட்டை. ஒரு அட்டையை மடித்துக் கீழே வைத்தால் ஆடாது. இத்தனை பேர் வந்து உட்கார்ந்துபோகிற இடத்தில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லையே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், வக்கீல் சார், நீங்கள் முதல் கேள்வி கேட்டபோது. காதில் விழாமல் இல்லை. இருபது வருஷம் இயந்திரப் பராமரிப்பில் இருந்தவளுக்கு ஆடுகிற பொருளைப் பார்த்தால் வேறு எதிலும் மனம் போகாது.

அண்ணன்தான் உங்களை அனுப்பினார் என்றீர்கள். நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

முதலில் பூட்டைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் ஆலையில் சலவைத்தூள் கலக்கும் தொட்டி ஒன்று உண்டு, ஒரு சின்ன அறை அளவு. அதன் வாய் மேல்தளத்தில், சுவிட்ச் கீழ்த்தளத்தில். உள்ளே இறங்குகிறவர் முதலில் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும். பூட்டில் அவரவர் படம் ஒட்டியிருக்கும். இரண்டு பேர் இறங்கினால் இரண்டு பூட்டு. வெளியே வந்ததும் அவரவர் பூட்டை அவரவரே எடுக்க வேண்டும். பூட்டு இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை.

முன்பெல்லாம் இன்ஜினீயரிங் மாணவர்கள் பயிற்சிக்குச் சும்மா வருவார்கள். ஹெல்மெட் போட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டு, சான்றிதழோடு போய்விடுவார்கள். "பொம்மைங்க வந்தாச்சு" என்பார் எங்கள் தொட்டி ஆபரேட்டர். அவர்களை எனக்குப் பிடிக்கும். பிறகு நிர்வாகம் இன்டர்ன்களுக்குச் சம்பளம் தர முடிவு செய்தது. "காசு குடுத்தாத்தான் மேடம் நல்ல பிள்ளைங்க வருவாங்க" என்றார் மேலாளர். வந்தார்கள். முதல் வருஷம் ஒருவனை மின்பிரிவில் நிரந்தரமாக எடுத்துக்கொண்டு, அங்கிருந்த மூத்தவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து வழியனுப்பினார்கள். அடுத்த வருஷம் தரக்கட்டுப்பாட்டில் ஒருத்தி. இன்னொரு கடிகாரம். மூன்றாம் வருஷம் என் பிரிவுக்கு ஒரு பெண் வந்தாள்.

ஏணியில் ஏறும் வேகத்தைப் பார்த்து ஆபரேட்டர் அவளுக்கு அணில் என்று பேர் வைத்தார். "அண்ணே, அணிலுக்கு வால் வேணும்ல, ஒரு கயிறாவது குடுங்க" என்பாள். என்னிடம் கேள்விதான். "அக்கா, இது ஏன் சூடாகுது? அக்கா, இந்தச் சத்தம் நேத்து இல்லையே?" சரிதான், அந்தச் சத்தம் நேற்று இல்லை. எனக்கும் கேட்டது, அவள் சொன்ன பிறகு.

பயம் எப்போது தொடங்கியது என்று கேட்டீர்கள். முதல் சம்பளத்தில் அவள் எனக்கு ஒரு படிக்கிற கண்ணாடி வாங்கி வந்தாள். இதோ, இதுதான். "வரைபடத்தைத் தள்ளித் தள்ளிப் பிடிச்சுப் பாக்கறீங்கக்கா. எங்கம்மாவும் இப்படித்தான், கண்ணாடி போட்டா கிழவின்னு சொல்லிடுவாங்கன்னு ஒரே அடம்." சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு, தாழ் விழுந்ததா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். என் கண் மங்கியதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

அடுத்த வாரம் ஒரு பேரிங்குக்கு அளவு தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்றை எட்டாகப் படித்திருக்கிறேன். அவள் ஸ்டோருக்குப் போய்ச் சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டு வந்தாள். "யார்கிட்டயும் சொல்லலக்கா. நமக்குள்ளயே இருக்கட்டும்." அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் ஒருத்தி நம் ரகசியத்தைக் காப்பாற்றுகிறாள் என்றால் அது அவள் கையில் இருக்கிறது என்றுதானே பொருள். அதன்பிறகு மேலாளர் அறைக்கதவு திறந்தால் கையிலிருக்கும் வரைபடத்தைக் கீழே வைத்துவிடுவேன். அவள் யாரோடாவது சிரித்துப் பேசினால் என்னைப் பற்றித்தானோ என்று தோன்றும். கடிகாரத்தை வீட்டில் எந்தச் சுவரில் மாட்டுவது என்றுகூடப் பார்த்து வைத்துவிட்டேன்.

அவள் பூட்டு வந்துவிட்டிருந்தது. படமும் ஒட்டி, என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. அவள் கேட்டபோது, "இன்னும் வரல. அதுவரைக்கும் என் பூட்டு போதும், ரெண்டு பேரும் சேர்ந்துதானே இறங்கறோம்" என்றேன். "உங்க பூட்டு இருக்கறப்ப எனக்கென்னக்கா பயம்" என்றாள். அப்போது என் மனதில் ஒன்றுமில்லை. அது இழுப்பறையில் இருப்பது ஒரு ஆறுதல், அவ்வளவுதான்.

அன்று காலை இருவரும் தொட்டிக்குள் இறங்கினோம். கலக்கும் தண்டில் விரிசல் உண்டா என்று பார்க்க வேண்டும். நான் பார்த்துவிட்டு இல்லை என்றேன். அவள் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, "இருக்குக்கா, முடி மாதிரி. நீங்க சிரமப்படாதீங்க, மேல போங்க. நான் தேய்ச்சு அளந்துட்டு வந்துடறேன்" என்றாள். ஏணியில் கால் வைத்தபோது, "பூட்டு இருக்குல்லக்கா?" என்று கேட்டாள். இருக்கு என்றேன். அப்போது இருந்தது. பொய் சொல்வது என் வழக்கமில்லை.

வெளியே வந்தவர் தன் பூட்டை எடுக்க வேண்டும். கீழே போய் எடுத்தேன்.

ஆபரேட்டர் தேநீர் குடித்துவிட்டு வந்தார். "மேடம், போடலாமா?"

"என் பூட்டை எடுத்தாச்சு."

"அணில் எங்க, எனக்கு முன்னாடியே டீக்கு ஓடிடுச்சா?" என்று சிரித்தார். பதிலுக்கு நிற்கவில்லை. சுவிட்சைப் பார்த்தார். பூட்டு இல்லை. அவர் விதிப்படிதான் செய்தார், பாவம். இப்போது வேலைக்கே வருவதில்லையாம்.

தொட்டி ஓடுவதற்கு முன் ஒரு மணி அடிக்கும். நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். மணியோடு சேர்ந்து உள்ளிருந்து தகரத்தில் தட்டும் சத்தம் வந்தது. அக்கா என்றும் கேட்டது. குழாயைக் கொஞ்சம் பெரிதாகத் திறந்தேன்.

இங்கே ஜெயிலில் நன்றாகத் தூங்குகிறேன். யாராவது குழாயைத் திறந்தால் மட்டும் காதைப் பொத்திக்கொள்கிறேன்.

நீங்கள் நீட்டிய காகிதத்தை அவள் கொடுத்த கண்ணாடியைப் போட்டுத்தான் படித்தேன். எழுத்து எழுத்தாகத் தெரிகிறது. 'உள்ளே ஆள் இருப்பதை மறந்துவிட்டேன்.' மறதி மனுஷங்களுக்குச் சகஜம், நீதிபதிக்கும் புரியும், அந்த ஒரு வரி போதும் என்கிறீர்கள். அந்த ஒரு வரியை யாராவது என்னைப் பற்றிச் சொல்லிவிடுவார்களோ என்றுதான் சார் நான் இத்தனை நாளும் பயந்தேன்.

மன்னித்துக்கொள்ளுங்கள், இதில் கையெழுத்துப் போட மாட்டேன். மற்றதையெல்லாம் எழுதிக் கொண்டுவாருங்கள், போடுகிறேன். என் வேலையில் கவனம் தப்பியது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. தெரிந்தவள் ஒருத்திதான். அவளும் சொல்லவில்லை.

காகிதத்தை நாலாக மடித்து நாற்காலிக் காலுக்குக் கீழே வைத்திருக்கிறேன், பாருங்கள். இப்போது ஆடவில்லை.