மேல் ஓட்டைக்கு இரண்டு எல்போ

பெயர்: நிர்மலா. வயது 31. கணவர் பெயர்: தீர்த்தகிரி (இறந்துவிட்டார்). சொந்த ஊர்: கல்லாவி, ஊத்தங்கரை வட்டம். தற்போதைய முகவரி: மாரியம்மன் கோயில் தெரு, ஜூஜுவாடி, ஓசூர் வட்டம். விசாரித்துப் பதிவு செய்தவர்: சார்பு ஆய்வாளர் அருணா.

நான் மேற்படி முகவரியில் கணவருடனும் மூன்று வயது மகள் காவியாவுடனும் குடியிருந்து வந்தேன். முன்பு இரும்புத் தகடுகளை அழுத்தி வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் தர ஆய்வு வேலை பார்த்தேன். மகள் பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டு, இயந்திர உதிரிப்பாகங்களுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டுக் கொடுத்து வருகிறேன். என் கணவர் ஒரு தொழிற்சாலையில் ஹைட்ராலிக் ஃபிட்டர். எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் இயந்திரங்களுக்குக் குழாய் மாட்டுவது அவர் வேலை. எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சண்டை போடாத நாள் கிடையாது. பேசாமல் இருந்த நாளும் கிடையாது.

அஞ்செட்டியில் இருக்கும் என் மாமனார் நாராயணப்பன், நான் திட்டி அனுப்பியதால்தான் அவர் மகன் மனம் வெறுத்து லாரிக்கு முன்னால் போய் விழுந்தார் என்று புகார் கொடுத்திருப்பதாக அறிகிறேன். பைக் தானாக வந்து மோதியது என்று லாரி ஓட்டுநரும் சொல்லியிருக்கிறாராம். அது உண்மை இல்லை. ஏன் இல்லை என்பது விளங்க வேண்டுமானால் அன்று நடந்த சண்டை எதைப் பற்றியது என்று சொல்ல வேண்டும்.

இந்தக் கோடையில் என் கம்ப்யூட்டர் சூடாகிச் சூடாகிப் பாதி வரைபடத்திலேயே அணைந்துபோனது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என் கணவர், "அவ்ளோ பெரிய மெஷினுக்கே ஆயில் கூலர் மாட்றவன், இந்த டப்பாவுக்குத் தண்ணி கூலர் மாட்ட மாட்டனா?" என்றார். அதன் பிறகு கார்களில் இருப்பது போன்ற, ஆனால் சிறிய ரேடியேட்டர் ஒன்றும் மோட்டாரும் டியூபும் வாங்கி வந்தார். அந்த ரேடியேட்டரில் மேலேயும் கீழேயும் மரை போட்ட ஓட்டைகள் உண்டு. தண்ணீர் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டைத் தேர்ந்தெடுத்து டியூப் மாட்டிவிட்டு, மீதியை மூடிவிட வேண்டும்.

சம்பவம் நடந்த சனிக்கிழமை அவருக்கு வார விடுமுறை. காலையில் ரேடியேட்டரைக் கழுவி, உள்ளே தங்கிய தண்ணீரை வாயால் ஊதி வெளியேற்றினார். காவியா மறுமுனை ஓட்டையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "அப்பா காத்து, அப்பா காத்து" என்று சிரித்தாள்.

அதன் பிறகு எந்த ஓட்டையில் மாட்டுவது என்று என்னைக் கேட்டார். நான் மேலே என்றேன். கம்ப்யூட்டர் பெட்டியைப் பக்க மூடி கழற்றித் தரையில்தான் வைத்திருக்கிறோம்; அதற்குள் ரேடியேட்டரை வைத்துக் கீழே மாட்டினால் டியூப் தரையை ஒட்டி வரும், காவியா பிடித்து இழுப்பாள். அவர் கீழேதான் என்றார். "மேல வெச்சு கசிஞ்சா தண்ணி நேரா உள்ள இருக்கற கார்டு மேல சொட்டும். அதுவுமில்லாம மேல பெட்டியோட கூரை இடிக்குது, நேர் ஃபிட்டிங் உக்காராது, எல்போ வேணும். கீழன்னா நம்மகிட்ட இருக்கறதே போதும்" என்றார். எல்போ என்பது வளைந்த இணைப்பு. அந்தச் சாமான் ஓசூரில் கிடைக்காது, பெங்களூருக்குத்தான் போக வேண்டும்.

இதற்கு நடுவே ஃபிட்டிங்கை எடுத்து மரையில், கசிவை அடைக்கும் டெஃப்லான் டேப் சுற்ற ஆரம்பித்தார். டேப் சுருள் எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். தொழிற்சாலையில் டேப் சுற்றாமல் எந்த மரையையும் முடுக்க மாட்டார், அது அவருக்குக் கைப்பழக்கம். ஆனால் இந்த ஃபிட்டிங்கில் ரப்பர் வளையம் இருக்கிறது, கையால் திருகினாலே போதும், டேப் சுற்றினால் வளையம் சரியாக உட்காராமல் கசியும். அதை நான் பிடுங்கி டேப்பைப் பிரித்துப் போட்டேன். "டேப் இல்லாம மாட்டுனா எனக்குத் தூக்கம் வராதுடி" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாம் உங்க இஷ்டம்னா என்னை எதுக்குக் கேக்கறீங்க? எங்கயாச்சும் போய்த் தொலைங்க" என்று கத்தினேன். பிரஸ் ஷாப் இரைச்சலில் வேலை பார்த்தவளுக்கு மெதுவாகப் பேச வராது. பக்கத்து வீட்டு மணிமேகலை அக்கா கேட்டதாகச் சொல்லியிருப்பது இதைத்தான். அவர் பொய் சொல்லவில்லை.

என் கணவர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, "கடைக்குப் போய்ட்டு வரன்" என்று மட்டும் காவியாவிடம் சொல்லிவிட்டுப் போனார். டீக்கடைக்குப் போகிறார், கோபம் ஆறினால் வருவார் என்று நினைத்தேன். சாப்பாட்டு நேரம் ஆகியும் வராததால் போன் செய்தேன், எடுக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருந்திருப்பார். சாயங்காலம் எங்கள் தெரு திரும்பும் இடத்தில் கூட்டமாக இருக்கிறது என்று மணிமேகலை அக்காதான் ஓடி வந்து சொன்னார். போய்ப் பார்த்தேன். பைக் பெங்களூர் சாலையில், அத்திப்பள்ளிப் பக்கமிருந்து ஓசூரைப் பார்த்தபடி, வீட்டுக்குத் திரும்பும் திசையில் கிடந்தது. வீட்டு மாடியில் நின்றிருந்தால் அவர் வருவது எனக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை.

இன்று சார்பு ஆய்வாளர் அம்மா, என் கணவரின் உடலிலிருந்து எடுத்த பொருள்களைக் காட்டி அடையாளம் கேட்டார். வண்டிச் சாவி, உடைந்த போன், டேப் சுருள் ஆகியவை அவருடையவை. ஒரு பிளாஸ்டிக் கவரைக் காட்டி இது என்ன பொருள் என்று கேட்டார். உள்ளே இரண்டு எல்போ இருந்தன. மேல் ஓட்டைக்கு மட்டும்தான் எல்போ தேவை. கீழே மாட்டுவதாக இருந்தால் அவர் வீட்டை விட்டே போயிருக்க வேண்டியதில்லை. நான் கேட்டபடியே செய்ய முடிவு பண்ணித்தான், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பெங்களூர் வரை போயிருக்கிறார். பாவி மனுஷன், சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

அந்த இரண்டு எல்போவின் மரையிலும் வெள்ளை டேப் சுற்றியிருந்தது. வீட்டுக்கு வந்தால் நான் சுற்ற விடமாட்டேன் என்று கடை வாசலிலேயே நின்று சுற்றியிருக்கிறார். சாகப் போகிறவர் டேப் சுற்றிக்கொண்டு வருவாரா? என் மாமனார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் சொன்னால் நம்ப மாட்டார். அந்தக் கவரை அவர் கையில் கொடுத்து, அவர் மகன் என்மேல் கோபமாகச் சாகவில்லை, வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தார் என்று சார்பு ஆய்வாளர் அம்மாதான் சொல்ல வேண்டும்.

வழக்கு முடிந்து பொருள்களைத் திருப்பித் தரும்போது அந்த டேப்பை யாரும் பிரிக்காமல் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அது கசியும் என்று எனக்குத் தெரியும். கசியட்டும், அப்படியேதான் மாட்டப் போகிறேன்.

இவை யாவும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. "போய்த் தொலைங்க" என்ற சொல் உட்பட எல்லாம் என் வாயிலிருந்து வந்தவையே. எதையும் கூட்டவில்லை, மறைக்கவில்லை. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) தீ. நிர்மலா

என் முன்னிலையில்,
அருணா, சார்பு ஆய்வாளர்