மொட்டை மாடிக்கு ஒரு புகைக்கூண்டு

தேனியிலிருந்து கம்பம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியூரில் ஒரு பழைய கல்லூரியில் மகளைச் சேர்த்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது. சின்னமனூர் தாண்டியதும் அந்த அம்மா ஆரம்பித்தார்.

"நம்ம கட்டுற வீட்டு மாடியிலயும் அந்தக் காலேசுல இருக்க மாதிரி செங்கல்லுல புகைக்கூண்டு வைக்கணும்."

"கேஸ் அடுப்புக்கு அது எதுக்கு?"

"அங்க மட்டும் கீழ அடுப்பா இருக்கு? வாட்ச்மேன்ட்ட கேட்டேன். சும்மா அழகுக்குத்தான் கட்டிருக்காகளாம்."

"மழை பேஞ்சா அது வழியா தண்ணி எறங்கும்."

"உள்ள ஓட்டையே இல்லையாம்."

"அப்ப எதுக்குத் தண்டமா செங்கல அடுக்கணும்? கொத்தனாரு சிரிப்பாரு. ஒரு வேலைக்கும் ஆகாதத யாராச்சும் வச்சுக்கிருவாகளா?"

அந்த அம்மா அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒங்க மீசை என்ன வேலை பாக்குது?"

பக்கத்து இருக்கைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் இரண்டு பக்கமும் முறுக்கி விட்டிருந்த மீசையைத் தடவிக்கொண்டு, உத்தமபாளையம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணு வச்சாப் போதுமா, ரெண்டு பக்கமும் வைக்கணுமா?"