யப்பான் பாட்டின் இரண்டாவது சரணம்

செல்வராசா: ஏலாதெண்டால் ஏலாது. வேறை என்னவும் கேள், மலர்.

மலர்: வேறை ஒண்டும் வேண்டாம் அத்தான். ஒரு பாட்டு. அதுவும் நீங்கள் எத்தினையோ தரம் பாடின பாட்டு.

செல்வராசா: வியாழக்கிழமை பின்னேரம் லீவெண்டு எங்கடை பலேர்மோச் சனம் முழுக்க இந்தப் பூங்காவிலைதான் நிக்குது. அங்கை பார், அந்தோனிமுத்து பெண்சாதியோடை வாறான். இதுக்கை இருந்து நான் யப்பான் பாட்டுப் பாடோணுமோ?

மலர்: இஞ்சை பாடச் சொல்லேல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, நான் வேலை செய்யிற வீட்டை வாங்கோ.

செல்வராசா: உன்ரை யப்பான் கிழவியிட்டையோ?

மலர்: கிழவி எண்டாதேங்கோ! சிஞ்ஞோரா மிச்சிக்கோ.

செல்வராசா: சரி, சரி... மிச்சிக்கோ. அவவிட்டை றெக்கோட் குவிஞ்சு கிடக்கெண்டு சொன்னனி. எடுத்துப் போடன்.

மலர்: பெட்டியின்ரை ஊசி முறிஞ்சுபோச்சு. ரயில் ஸ்தாசியோனேயடியிலை கடை கடையாக் கேட்டுப் பாத்திட்டன். "இந்தக் காலத்திலை ஆர் இதெல்லாம் கேக்கினம், சீடி வாங்குங்கோ" எண்டு சிரிக்கிறாங்கள்.

செல்வராசா: அப்ப சீடி வாங்கன்.

மலர்: அந்தக் காலத்து யப்பான் பாட்டைப் பலேர்மோவிலை ஆர் சீடியிலை விக்கினம்? நான் பகிடிக்குக் கேக்கேல்லை அத்தான். மனுசி சாப்பிடுதில்லை.

செல்வராசா: ஏன்... என்ன வருத்தம்?

மலர்: மறதி. இத்தாலியன் தண்ணிமாதிரிக் கதைச்ச மனுசி, இப்ப அதுவும் போச்சு. பாட்டுப் போட்டால்தான் வாய் திறப்பா. முதலாவது சரணத்துக்கு அரைக் கோப்பை சூப், ரண்டாவது சரணத்துக்கு மிச்சம். பெட்டி பழுதான நாளிலையிருந்து நான்தான் பாடிப் பாடித் தீத்திறன்.

செல்வராசா: நீயோ? நீ கோயிலிலை பாடினால் பாதரே திரும்பிப் பாப்பார்!

மலர்: நக்கல்! அப்பா நாவாந்துறைக் கோயிலிலை லத்தீன் பாட்டைத் தமிழ் எழுத்திலை எழுதி வைச்சுப் பாடினவரெல்லே? ஒரு சொல் விளங்காது, ஆனால் கண்ணாலை தண்ணி வடியும். நானும் அப்பிடித்தான். றெக்கோட்டைக் கேட்டு முதலாவது சரணத்தைத் தமிழிலை எழுதிப்போட்டன். ரண்டாவதுக்கு வர, ஊசி போச்சு.

செல்வராசா: அதே பாட்டுத்தானோ? எங்கை, ஒருக்கால் முணுமுணு பாப்பம்.

மலர்: ம்ம்... ம்ம்ம்... ம்ம்... இந்த இடத்திலை குரல் நடுங்கும்...

செல்வராசா: நடுங்கிறேல்லை. தோணி அலையிலை ஏறி இறங்கிறமாதிரி... ம்ம்ம்... ம்ம்... விளங்குதோ?

மலர்: பாத்தீங்களே! வந்திட்டுது!

செல்வராசா: எங்கை போறது... கப்பல் வெளிக்கிடுது, கரையிலை ஒருத்தி விளக்கோடை நிக்கிறா, அவ்வளவுதான் பாட்டு. நான் வேலை செய்த கப்பலிலை ஒரு போசன் இருந்தவன்.

மலர்: போசனெண்டால்?

செல்வராசா: மேல்தட்டு வேலைகாரருக்கெல்லாம் தலைவன். யப்பான்காரன். வாயைத் திறந்தால் ஏச்சுப் பேச்சுத்தான். ஆனால் சாப்பாட்டு மேசையிலை இந்தப் பாட்டுப் போச்சுதெண்டால், கோப்பையை வைச்சிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பான். கோபேத் துறைமுகத்திலை இறங்கினால் சலூனுக்கையும் இது, தேத்தண்ணிக் கடையிலையும் இது. தகப்பன்மார் காலத்துப் பாட்டாம், பள்ளிக்கூடப் பெடியளும் பாடிக்கொண்டு போவாங்கள். சீ... என்ன காலமடி அது.

மலர்: சிஞ்ஞோராவும் நினைவிருக்கேக்கை சொன்னவ. சிசிலிக்காரனைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறேக்கை, துறைமுகத்து ஒலிபெருக்கியிலை இதுதான் போனதாம். தாயைக் கடைசியாப் பாத்ததும் அண்டைக்குத்தானாம்.

செல்வராசா: ...பாவம்.

மலர்: ஞாயிற்றுக்கிழமை மகன் தொறினோவிலையிருந்து வாறார். தாய் சாப்பிடாட்டில் முதியோர் இல்லத்திலை கொண்டுபோய் விடப்போறாராம். அங்கை மூக்காலை குழாய் விட்டுத்தான் சாப்பாடு.

செல்வராசா: உன்ரை வேலையும் போகும்.

மலர்: வேலை போனால் வேறை வேலை. அந்த மனுசி என்ரை மடியிலை தலை வைச்சு நித்திரை கொள்ளுது அத்தான். என்னாலை விடேலாது.

செல்வராசா: சரி... முதலாவது சரணம் பாடுறன். ரண்டாவது மட்டும் கேளாதை.

மலர்: அதென்ன கதை? அக்காவுக்கு ரண்டும் பாடுவியள். லீவிலை வந்து சாரம் மாத்த முதலே அக்கா "பாடுங்கோ" எண்டு நிப்பா. நான் குசினிக்கை மீன் வெட்டிக்கொண்டு கேக்கிறனான்.

செல்வராசா: உன்ரை அக்கா யோசப்பினோடை அது முடிஞ்சுது. அவ கண்ணை மூடின பிறகு நான் பாடுறேல்லை.

மலர்: பொய்! இப்ப நாப்போலிக்குப் போற கப்பல் கழுவேக்கை பாடுறியளாமே? உங்களோடை வேலை செய்யிற றமேஸ் சொன்னவன், மாமா முதலாவது சரணத்தையே திருப்பித் திருப்பிப் பாடுறாரெண்டு.

செல்வராசா: அவனுக்கு வாய் நீளம்.

மலர்: ஏன் ரண்டாவதுக்குப் போறேல்லை?

செல்வராசா: ...ஒருத்தருக்கும் சொல்லமாட்டியே?

மலர்: மடுமாதா சத்தியமா.

செல்வராசா: எனக்கு ரண்டாவது சரணம் தெரியாது. ஒருநாளும் தெரியாது.

மலர்: அப்ப அக்காவுக்குப் பாடினது?

செல்வராசா: போசன் எங்களை ஏசின பேச்சு. "கயித்தை இழு மடையா, கெதியா வா, சூப் ஆறுது"... எனக்குத் தெரிஞ்ச யப்பான் அவ்வளவுதானே? எல்லாத்தையும் அந்த மெட்டிலை ஏத்திவிட்டன். முதலாவது முடிய "மற்றது?" எண்டு உன்ரை அக்கா ஒரு பார்வை பாப்பா. அந்த முகத்தைப் பாத்து எப்பிடித் தெரியாதெண்டிறது? கடலெல்லாம் உன்னை நினைச்சு அழுகுதெண்டு கருத்து வேறை சொல்லி வைச்சன்... என்ன, சிரிக்கிறியோ?

மலர்: இல்லை... ஓம், சிரிக்கிறன்.

செல்வராசா: சிரி, சிரி. ஒரு யப்பான்காறிக்கு முன்னாலை போய் நிண்டு "மடையா, கயித்தை இழு" எண்டு உருகி உருகிப் பாடவோ? மானம் போயிடும்.

மலர்: நான் பாடிட்டன்.

செல்வராசா: என்னது?

மலர்: செவ்வாய்க்கிழமை. முதலாவது சரணம் முடிய, வாயை இறுக்கி மூடிக்கொண்டு என்னையே பாத்துக்கொண்டிருந்தா. குசினிக்கை கேட்டதிலை ரண்டு வரி ஞாபகத்திலை இருந்தது. பாடிவிட்டன்.

செல்வராசா: ஐயோ மாதாவே! பிறகு?

மலர்: முழிச்சுப் பாத்தா. நான் பயந்துபோனன். பிறகு சிரிக்கத் துவங்கினா பாருங்கோ... வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிப்பு! சிரிச்சுச் சிரிச்சு முழுச் சூப்பும் குடிச்சிட்டா. குடிச்சிட்டு, "அங்கோறா" எண்டு இத்தாலியனிலை கேட்டா. இன்னும் பாடட்டாம்! எத்தினை மாசத்துக்குப் பிறகு ஒரு இத்தாலியன் சொல்லு. எனக்குத் தெரிஞ்சது அந்த ரண்டு வரிதான் அத்தான். மிச்சத்துக்குத்தான் உங்களிட்டை வந்தனான்.

செல்வராசா: அந்தப் போசன்ரை பேச்சுக்கோ... சிரிச்சவ?

மலர்: ஓம். வருவியளோ, மாட்டியளோ?

செல்வராசா: வாறன், வாறன். சிரிச்செண்டாலும் சாப்பிடட்டும். ஆனால் மலர்... ஒண்டுதான் எனக்குக் குத்துது. உன்ரை அக்கா. அது தனக்கெண்டு பாடின பாட்டெண்டு கடைசிமட்டும் நம்பிக்கொண்டு போயிட்டா, பாவம்.

மலர்: உங்கடை ரண்டாவது சரணம் ஒவ்வொரு லீவுக்கும் வேறை வேறை அத்தான். கலியாணம் முடிச்ச அடுத்த வருசமே அக்கா கண்டுபிடிச்சிட்டா. "உந்த மனிசன் எனக்கெண்டு இருந்து இருந்து பாட்டுக் கட்டுறார் மலர். எனக்குத் தெரியுமெண்டு சொல்லிப்போடாதை, பிறகு பாடமாட்டார்" எண்டவ.