ஓதி ஊதின கள்ளிவெத

...மூணு கெழமயா ஒரு முள்ளுகூட மொளைக்கல்ல, உம்மு குல்சும். பக்கத்து வீட்டுக்கு நேத்துத்தான் குடிவந்தீங்க, உங்களப் புடிச்சி வெச்சி இதச் சொல்றேன் பாருங்க... ஆறுறதுக்குள்ள தேத்தண்ணியக் குடிங்க.

என்ட மகன் மர்சூக் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துல கிளாக்கர். அங்கத்த தொரசாணி அவனுக்குக் கள்ளிவெத கொடுத்தா. வெதண்டு சொன்னா நம்ப மாட்டீங்க, மூக்குத்தூள் மாதிரி. மண்ணால மூட வாணாமாம், மேலால தூவினாப் போதுமாம். இந்த மழைக்கு வெளியில வெக்கவும் ஏலாதாம். பிஸ்கட் தகரத்து மூடியில மணலும் கரித்தூளும் போட்டு, ஜன்னலடியில வெச்சி, பழைய படத்துக் கண்ணாடியால மூடினேன். கறிக்கு உப்புப் போட மறந்தாலும் அதுக்குத் தண்ணி தெளிக்க மறக்கல்ல.

எங்க மொளைக்கிற? மருமகள் அனீஸா வெளக்குமாத்தோட அந்தப் பக்கமே சுத்துவா. ஜன்னலத் தொறப்பா. தகரத்தத் தொடவே இல்லண்டுதான் சொன்னா. தொடாமலா வெத பறந்துச்சிண்டு கேட்டுட்டேன். அந்த ஒரு வார்த்ததான். பெட்டியக் கட்டிக்கிட்டுத் தெல்தெனியவுக்கு, உம்மாட வீட்டுக்குப் போயிட்டா. இப்ப மகன் என்னோட பேசுறதில்ல. சோத்துப் பீங்கானயும் அவனே கழுவி வெக்கிறான். அதப் பாக்கத்தான் ஏலாம ஈக்கு.

மிச்ச வெத இந்தக் கடதாசியில ஈக்கு. உங்கள சாட்சியா வெச்சித் தூவுறேன். அவ இல்லாத வீட்டுல மொளைச்சா, யாரு கெடுத்ததுண்டு தெரிஞ்சிடும். நல்லாப் பாருங்க. பிஸ்மி சொல்லித் தூவியாச்சி. குல்ஹுவல்லா மூணுதரம் ஓதியாச்சி. இனி ஊதணும். ஓதிட்டு ஊதாம விடலாமா? மகனுக்குக் காய்ச்சல் வந்தாலும் ஓதி ஊதித்தானே எழுப்பினேன். இதுக்கும் ஒவ்வொரு நாளும் சுபஹுத் தொழுகைக்குப் பொறகு கண்ணாடியத் தூக்கிட்டு, நல்லா மூச்செடுத்து, இப்படி... ப்பூ.

ஏன் கண்ணக் கசக்குறீங்க?

பொறுங்க, அதக் குடிக்காதீங்க. பால் தேத்தண்ணியில மொளகுத்தூள் மாதிரி என்ன மெதக்குது...

தகரத்துல வெறும் மணல்தான் ஈக்கு.

யா அல்லாஹ். மூணு கெழமயும் நான்தானா...

தெல்தெனிய பஸ் எத்தன மணிக்கி, உம்மு குல்சும்? ஆளனுப்பினா அந்தப் புள்ள வராது. நான்தான் போகணும். கோப்பயக் கீழ ஊத்திடாதீங்க. நல்ல காலம், நான் பேசிப் பேசி ஆறிப்போச்சி, வெத அவிஞ்சிருக்காது. துணியில வடிச்சி எடுத்து வெப்போம், அனீஸா வந்து அவட கையால தூவட்டும். நான் ஓதுறதோட நிப்பாட்டிக்கிறேன்.