ஏழு பேர், மூணு வார்த்தை

– கையை இழுக்காதம்மா. ஊசி குத்தினது தெரிஞ்சுதா இல்லையா?

– எங்க குத்தினீங்க டாக்டர்?

– சரியான ஆளுதான். பாத்துக்கிட்டே இருந்துட்டு எங்கன்னு கேக்குற.

– கண்ணுக்குத் தெரிஞ்சுது. விரலுக்குத்தான் தெரியல.

– எப்படி ஆரம்பிச்சுது? உன் வாயாலேயே சொல்லு.

– முதல்ல விரல் நுனியில குறுகுறுன்னு இருந்துது. அப்புறம் சுருக் சுருக்குன்னு குத்துச்சு. இப்ப மதமதன்னு மரத்துக் கிடக்கு.

– சிஸ்டர், எழுதிட்டீங்களா?

– புதுசா எழுத என்ன இருக்கு டாக்டர்? மத்த ஆறு பேரும் சொன்னதேதான்.

– அதைத்தான் கேக்குறேன். நம்ம கம்பெனி செருப்புப் பசை ஷெட்டுல ஏழு பேர். ஏழு பேருக்கும் அதே மூணு வார்த்தை, அதே வரிசை. யாரும்மா பாடம் நடத்தினது? யூனியன் ஆளா?

– வலிக்கு வேற பேர் இருந்தா நீங்களே சொல்லிக்குடுங்க.

– வாய் மட்டும் மரத்துப்போகல. சரி, தலை கிறுகிறுன்னு சுத்துமே, அதை ஏன் விட்டுட்ட? மத்தவங்க எல்லாம் சொன்னாங்களே.

– எனக்குச் சுத்தல. அவங்களும் சொல்லியிருக்க மாட்டாங்க.

– அந்தக் கிறுகிறு நான் எழுதின எந்தப் பக்கத்துலயும் இல்லையே டாக்டர்.

– சும்மா இருங்க சிஸ்டர், அது தூண்டில். மாட்டலைன்னா நல்லா பழக்கி அனுப்பியிருக்காங்கன்னு அர்த்தம். இதபாரும்மா, நான் ‘நடிப்பு’ன்னு எழுதினா சாயங்காலமே உன் சீட்டு கிழிஞ்சிடும்.

– தெரியும். போன வாரம் அடுப்புல கொதிச்ச பாத்திரத்தை வெறுங்கையால தூக்கிட்டேன். தோல் கருகின வாசனை வந்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. நடிக்கிறவ அதைச் செய்வாளா?

– ஏன் இப்படி வேர்க்குது? இந்தா, தண்ணி குடி.

– அந்த ஜாடித் தண்ணி வேண்டாம். ஷெட்டுக்குப் பின்னாடி இருக்குற குழாயில பிடிச்சது. நாங்க ஏழு பேரும் அதைத்தான் குடிச்சோம்.

– ஓஹோ, இப்ப பழி தண்ணி மேலயா? மூணு மாசமா நானும் இதைத்தான் குடிக்கிறேன்.

– அப்ப ஏன் டாக்டர் பேச்சுக்குப் பேச்சு கையை உதறிக்கிட்டே இருக்கீங்க?

– பேனா பிடிச்சுப் பிடிச்சு விரல் நுனி கொஞ்சம் குறுகுறு... சிஸ்டர், நீங்களும் இந்தத் தண்ணிதானே குடிக்கிறீங்க?

– இல்ல டாக்டர். வீட்டுலேருந்து கொண்டுவந்துடுவேன்.

– எப்பலேருந்து?

– உங்களுக்கு முன்னாடி இந்த நாற்காலியில இருந்த டாக்டர், ராஜினாமாக் கடிதத்துல கையெழுத்துப் போட முடியாம கைநாட்டு வெச்சாரே, அன்னிலேருந்து.