வெளிச்சம் படுவதற்கு முன்

கை பிசுபிசுத்தால் எனக்குச் சோறு இறங்காது ஐயா. சிலருக்குப் பல்லி, சிலருக்குத் தலைமுடி. எனக்குக் கொழகொழப்பு.

மருத்துவக் குழாய் செய்யும் கம்பெனியில் அந்த வேலையில் என்னைப் போட்டது மேஸ்திரி. இரத்தக் குழாய்க்குள் வைக்கும் மெல்லிய குழாய்களை ஒரு கரைசலில் முக்கி, தட்டில் அடுக்கி, ஊதா விளக்குக்குக் கீழே தள்ள வேண்டும். பன்றிக் குடலிலிருந்து எடுக்கும் மருந்து அது. அந்த விளக்கின் வெளிச்சம் பட்டால் குழாயோடு பிணைந்துவிடும், பிறகு கழுவினாலும் போகாது. அது மேலே இருந்தால்தான் குழாயில் இரத்தம் உறையாது. இதையெல்லாம் மேஸ்திரி முதல் நாளே சொன்னார். எனக்குப் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கப் போவதில்லை.

நான் முகம் சுளித்தேன்.

"உன்னை என்ன நக்கவா சொன்னேன்? முக்கித்தானய்யா எடுக்கச் சொன்னேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டில் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் விரலிடுக்கில் அது இருந்தது. கையுறை போட்டிருந்தேன்தான். அப்படியும் இருந்தது. ஒரு பன்றியின் வயிற்றுச் சளியை மனுஷன் நெஞ்சுக்குள் அனுப்புகிறோமே என்று நினைத்தாலே குமட்டும். ஆகவே விளக்குக்குக் கீழே தள்ளுமுன் குழாய்களை ஈரத்துணியால் துடைத்தேன். வெளிச்சம் படாதவரை அது சுலபமாக வந்துவிடும். சோதனைக்காரர் எப்போதும் தட்டின் ஓரத்திலிருந்துதான் எடுத்துச் சாயத்தில் முக்கிப் பார்ப்பார்; மருந்து இருந்தால் நிறம் பிடிக்கும். ஓரத்தில் இருந்தவற்றை மட்டும் துடைக்காமல் விட்டேன். அவை நன்றாக நிறம் பிடித்தன. வேலை சுத்தம் என்று பாராட்டினார்.

பிறகு என் அக்காவுக்குச் சிறுநீரகம் போயிற்று. கழுத்து நரம்பில் குழாய் வைத்து இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். நர்ஸ் கொண்டுவந்த உறையில் எங்கள் கம்பெனி முத்திரை. தேதியும் நான் வேலை செய்த தேதி.

அக்கா சிரித்தாள். "டேய், உங்க கம்பெனி சாமான்டா. நீதான் துடைக்காம எதையும் அனுப்ப மாட்டியே."

"மாட்டேன்க்கா" என்றேன்.

மாமா என் தோளைத் தட்டினார். "அப்புறமென்ன மச்சான், பயமில்ல."

வேறு உறை கொண்டுவாருங்கள் என்று நர்ஸிடம் சொல்ல ஒரு மூச்சு போதும். சொல்லியிருந்தால் அந்தச் சளியோடு ஒரு குழாய் அக்காவின் கழுத்துக்குள் போயிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது.

குழாயில் இரத்தம் கட்டியது. கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தது. டாக்டர் உருவியெடுத்த குழாயில் கறுப்பாக, ஈரல் துண்டு போல ஏதோ தொங்கியது. மாமா அழுதார். நான் வெளியே போய் வாந்தியெடுத்தேன்.

அவளை அடக்கம் செய்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். துடைப்பதை நிறுத்தவில்லை. நீங்கள் வந்து துணியைப் பிடுங்கும்வரை துடைத்தேன். இன்னும் எங்கெங்கோ ஆட்கள் செத்திருக்கிறார்கள் என்கிறீர்கள். இருக்கலாம். எல்லாம் நான் செய்ததுதான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அக்கா விஷயத்தில் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள் ஐயா. என் குழாய் சுத்தமாகத்தான் உள்ளே போனது. அதை அசிங்கமாக்கியது அவள் இரத்தம்.