மஞ்சள் கருவின் படம்

தவளை முட்டையின் மஞ்சள் கரு மஞ்சளாக இருக்காது, இன்ஸ்பெக்டர் சார். வெளிறிய சந்தன நிறம். நுண்ணோக்கியில் பருப்புப் பருப்பாகச் சின்ன வில்லைகள் நெருங்கிக் கிடக்கும். இன்னும் பெரிதாக்கினால் ஒவ்வொரு வில்லைக்குள்ளும் தறியில் ஓடும் பாவு நூல் மாதிரி வரிவரியாகக் கோடுகள். சங்கரன்கோவிலில் இதை என்னளவுக்கு அறிந்தவர் யாருமில்லை. அதனால் கேள்வி கேட்கவும் ஆளில்லை.

அந்த வில்லைகளின் படம் ஒன்றை வெளியிட்டதால்தான் எங்கள் கல்லூரியில் பேராசிரியர் வேதமணி என்றால் எழுந்து நிற்பார்கள். போன மாதம் எனக்குப் பாராட்டு விழா. பொன்னாடை, ஆளுயர மாலை, 'கருவின் காவலர்' என்று பட்டம்.

விழாவுக்கு முந்தின நாள் ஜாய்லின் வந்தாள். என்னிடம் ஆராய்ச்சி செய்கிற பிள்ளை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "சார், உங்க படத்தப் பெருசாக்கிப் பாத்தேன். உள்ள ஒரு கோடுகூட இல்ல. உருளைக்கிழங்கு மாவு மாதிரில்லா இருக்கு."

உருளைக்கிழங்கு மாவுதான். முட்டைக்குப் பதிலாக அதைத்தான் படமெடுத்திருந்தேன். நாளை சபையில் அவள் எழுந்து சொல்லிவிட்டால்?

படமெடுக்குமுன் முட்டையை ஒரு மருந்தில் ஊறவைக்க வேண்டும். அதன் ஆவி கண்ணைக் கருக்கிவிடும். அதனால் கண்ணாடிப் பெட்டிக்குள், ஆவியை வெளியே இழுக்கிற விசிறியை ஓடவிட்டுத்தான் திறப்போம். ஆனால் மேடையில் பெரியவர்கள் பேசும்போது பக்கத்து ஆய்வகத்து விசிறிகளையும் நிறுத்திவிடுவது எங்கள் கல்லூரி வழக்கம். இரைச்சல் கூடாது, மரியாதை.

விழா அன்று ஜாய்லினுக்குச் சளி. வாசனை ஏறாது. முட்டை கெட்டுவிடும், இப்போதே ஊறவை என்றேன். "சரி சார், நீங்க பேசுததுக்குள்ள வந்திருதேன்" என்று போனாள். ஆய்வகச் சன்னலில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி என் புகழைக் கொட்டிக்கொண்டிருந்தது. விசிறி நின்றது அவளுக்குக் கேட்டிருக்காது. மேடையேறும் வழியில் சுவிட்சை அணைத்தது நான்தான். தலையைக் குனிந்தபடியே மேடையேறினேன். பொன்னாடை போர்த்தியவர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்றாள். இப்போது இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. நீங்கள் விபத்து என்று எழுதி முடிக்கவிருந்தீர்கள். நான்தான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே போலீஸோ என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று ஆஸ்பத்திரியில் அவள் என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் படத்தப் பத்தி வேற யாருட்டயும் சொல்லணும்னு நான் நெனைக்கவே இல்ல சார். நீங்களே மாத்திருவீங்கன்னுதான் உங்ககிட்ட சொன்னேன்."

இதை அவள் அன்றைக்கே சொல்லியிருக்கலாம், சார். படித்த பிள்ளை. அவளுடைய கவனக்குறைவுக்கு இன்று நானல்லவா உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.